வண்டியின் வால் மறையும் வரை

ஆறு வருஷ ஆயா வேலையில் துரைசானி எனக்கு லீவு கொடுத்தது ஒரே ஒரு நாள்தான். சந்தை நாள் காலை. பாப்பாவின் கம்பளிக் காலுறைகளை மடித்துக்கொண்டிருந்தேன். வந்து நின்று, "ஆயா, இன்னிக்கு நீ பஜார் போ. நல்லா சுத்திப் பாரு. சாயங்காலம் வந்தா போதும்" என்றாள். செலவுக்குக் காசும், தான் போர்த்திக் கழித்த ஒரு சால்வையும் கொடுத்தாள். பாப்பாவை எழுப்பிச் சொல்லிவிட்டுப் போகிறேன் என்றேன். வேண்டாம், ராத்திரியெல்லாம் இருமிற்று, தூங்கட்டும் என்றாள். நான்தானே கட்டிலுக்குக் கீழே படுத்திருந்தேன், எனக்கு ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அவளிடம் அப்போதெல்லாம் வாய்க்கு வாய் 'ங்க' போட்டுத்தான் பேசினேன். எழுதும்போது 'என்றாள்' என்றுதான் வருகிறது. வரட்டும்.

துரைக்குக் குன்னூர்ப் பக்கம் தேயிலை எஸ்டேட். துரைசானியும் குழந்தையும் இருந்தது ஊட்டியில், பெர்ன்ஹில் பங்களாவில். புருஷன் காய்ச்சலில் போன பிறகு கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவள் நான். பாப்பா பிறந்த பத்தாம் நாள் என் கையில் கொடுத்தார்கள். பங்களாவில் பட்லரும் சமையல்காரரும் ஒரு கட்சி, தோட்டக்காரர்கள் ஒரு கட்சி. நானும் பாப்பாவும் ஒரு கட்சி. என்னோடு வாய்விட்டுப் பேச மலை மேலே வேறு ஒருத்தரும் கிடையாது.

குழந்தைக்கு ஆறு வயசு முடிந்தால் சீமைக்கு அனுப்பிப் படிக்கவைப்பது அவர்கள் வழக்கம். போதாததற்குப் பாப்பா, விருந்துக்கு வந்தவர்கள் முன்னால் "ஊட்டுக்குப் போலாம் ஆயா" என்று தமிழில் சிணுங்கித் துரைசானியின் முகத்தைச் சிவக்கவைத்தது. வர்ற வெள்ளிக்கிழமை பயணம் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். பெட்டிகள் வராந்தாவில் கட்டித் தயாராக நின்றன.

எங்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு. மத்தியானம் ரயில் கீழே போகிறபோது வேலியோரம் நின்று கையாட்டுவோம். கடைசிப் பெட்டியைப் பாப்பா வால் என்று சொல்லும். வால் மறைவதற்குள் கையை இறக்கியவர் தோற்றவர். அந்த வாரம் என் தாடையைப் பிடித்துத் திருப்பி, "நான் போறப்போ நீ ஸ்டேசன்ல நின்னு வால் மறையற வரைக்கும் கை ஆட்டோணும். பாதியில எறக்குனா நீ தோத்தே" என்றது. "தோக்கமாட்டேன் கண்ணு" என்று சத்தியம் செய்தேன். வெள்ளிக்கிழமை அழாமல் நின்று கையாட்ட வேண்டும், அந்த ஒன்றுதான் எனக்கு அப்போது கவலையெல்லாம்.

பஜாருக்கு இறங்கும்போது பாதி வழியில்தான் கவனித்தேன், என்னைப் பின்னால் வருகிறவர்களெல்லாம் தாண்டிப் போனார்கள். ஆறு வருஷமாகக் குழந்தைக்கு ஈடாக நடந்து என் காலுக்கு அந்த நடையே பழகிவிட்டது. வேகமாக நடந்து பார்த்தேன். மூச்சு வாங்கியது, அவசரமும் ஒன்றுமில்லை. மறுபடி பழைய நடைக்கே வந்துவிட்டேன். வலது கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சால்வைக்குள் விட்டுக்கொண்டேன்.

சந்தை நன்றாகத்தான் இருந்தது. மலைக்கிராமத்துப் படுகப் பெண்கள் வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்கள். எஸ்டேட் ஆட்கள் கம்பளிக்கடை வாசலில் கும்பலாக நின்று ஒரே கம்பளியை ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பார்த்தார்கள். நான் ரிப்பன் பார்த்தேன், கண்ணாடி வளையல் பார்த்தேன். பார்த்ததையெல்லாம் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. "அங்க பாரு கண்ணு" என்று ஒரு தடவை வாயைத் திறந்தே விட்டேன். பக்கத்தில் கூடை வைத்திருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

பிஸ்கட் கடை பாய் தூரத்திலேயே பிடித்துக்கொண்டார். "ஏனுங்க ஆயாம்மா, சின்ன எஜமானி எங்கீங்க? கோவமா எம்மேல?"

"தூங்குதுங்க பாய்."

வழக்கம்போல இரண்டு பிஸ்கட்டைக் காகிதத்தில் மடித்து, "முழிச்சதும் குடுங்க" என்றார். வெள்ளிக்கிழமை விஷயத்தைச் சொல்லாமலே வாங்கி மடியில் முடிந்துகொண்டேன்.

நான் தேடி வந்தது உப்பு நார்த்தங்காய். கப்பலில் வாரக்கணக்கில் போக வேண்டும், கடல் ஆட்டத்தில் வயிற்றைப் புரட்டும். அதற்கு நார்த்தங்காயை விட்டால் வேறு மருந்து எனக்குத் தெரியாது. நாலு கடையில் கேட்டேன், இல்லை. கடைசியில் கோயமுத்தூர்க்காரர் மளிகைக் கடையில் அவர் சம்சாரம் எட்டிப் பார்த்து, "யாருக்குங்க, மாசமா இருக்கறவங்களுக்கா?" என்று கேட்டாள். கப்பலேறப் போகிற குழந்தைக்கு என்றேன். மேலும் கீழும் பார்த்தாள். "அத்தனை தூரமா? தாயில்லாமயா?" என்றாள்.

"தாயி வர்றாங்க. கொண்டுபோய் உட்டுட்டு வந்துருவாங்க."

"அப்ப நீங்க?"

அவள் உள்ளே போய்த் தன் வீட்டு ஜாடியிலிருந்து ஒரு சின்னச் சீசா நிறைய அடைத்துக்கொண்டு வந்தாள். "இது விக்கறதுக்கில்லைங்க, எடுத்துட்டுப் போங்க" என்றாள். கடை வாசலிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்று என்னை யாரோ ஒருத்தி 'நீங்க?' என்று கேட்டாளே, அதற்காகத்தான்.

பிறகு ஏரிக்கரைக்குப் போய் ஒரு பன்னைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன். லீவு இவ்வளவு நீளமாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. மத்தியான ரயில் ஊதியது. தண்டவாளம் ஏரியின் அந்தக் கரையை ஒட்டிப் போகும். புகை தெரிந்ததும் எழுந்து நின்று கையாட்டினேன், பழக்கதோஷம். பக்கத்தில் இரண்டு ஆபீஸ் குமாஸ்தாக்கள் நடந்து போனார்கள். ஒருத்தர், "யாருக்கும்மா டாட்டா? என்ஜினுக்கா?" என்றார். மற்றவர் சிரித்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கையை இறக்கிச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டேன்.

பொழுது சாய பங்களாவுக்கு வந்தேன். வராந்தாவில் பெட்டிகள் இல்லை. உள்ளே ஓடினேன். பாப்பாவின் கட்டிலில் மெத்தை சுருட்டிக் கட்டியிருந்தது. சீசாவை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. பட்லர் சமையல்கட்டு வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"மத்தியான வண்டிக்குப் போயிட்டாங்கம்மா. வெள்ளிக்கெழமைன்னது சும்மா. நீ இருந்தா ரெண்டு பேரும் அழுது ரகளை ஆயிரும்னு சொல்லி, உங்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு உத்தரவு."

அவரை அடிக்கலாம்போல் இருந்தது. "என்னையக் கேட்டுச்சா?" என்றேன்.

"கேட்டுச்சு. பெட்டியெல்லாம் கொண்டுக்கிட்டு நானும் ஸ்டேசனுக்குப் போனேன், வண்டியில ஏற மாட்டேன்னு ஒரே அடம். ஆயா பஜார்ல இருக்கா, வண்டி போறப்போ பாத்துக் கையாட்டுவான்னு துரைசானி சொல்லித்தான் ஏத்துனாங்க. அதுக்கப்புறம் வண்டி கெளம்பற வரைக்கும் ஜன்னலை விட்டு நகரலை."

துரைசானி வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பொய்யைப் பாதி மட்டும் மெய்யாக்கியவள் நான். முன்பின் தெரியாத இரண்டு குமாஸ்தாக்களுக்கு வெட்கப்பட்டு நான் கையை இறக்கியபோது, வண்டியின் வால் இன்னும் ஏரிக்கரையில் தெரிந்துகொண்டுதான் இருந்தது.