எங்கள் தெரு சஹர் தவறிய நாள்

குடியை நிறுத்தினால் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், சோறு இறங்காது என்றெல்லாம் கேள்விப்பட்டிருந்தேன். தூக்கம் போய்விடும் என்று மட்டும் ஒரு பாவியும் சொல்லவில்லை. சொன்னால் இவன் நிறுத்தவே மாட்டான் என்று நினைத்தார்களோ என்னவோ.

அப்போது கேரளம் என்று ஒரு மாநிலம் உருவாகியிருக்கவில்லை. பாலக்காடு சென்னையோடு சேர்ந்திருந்தது, அதனால் எங்களுக்கு மதுவிலக்கு. ஆனால் சித்தூர்ப் பக்கம் சைக்கிளை மிதித்தால் கொச்சி எல்லை வந்துவிடும், அங்கே கள்ளுக்கடை திறந்திருக்கும். அண்ணனும் நானும் பள்ளிவாசல் தெருவில் புகையிலைக் கடை வைத்திருந்தோம். சாயங்காலமானால் கடையை அண்ணன் தலையில் கட்டிவிட்டு நான் சைக்கிளை எடுத்துவிடுவேன். கல்யாணமான வருஷம் தொடங்கிய பழக்கம், ஆறு வருஷம் ஒரு நாள் தவறாமல் நடந்தது. நாங்கள் ராவுத்தர்கள். எங்கள் தெருவில் இந்தக் காரியம் எவ்வளவு பெரிய கேவலம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

நிறுத்தியதற்கும் என் புத்தி காரணமல்ல. நோன்பு மாதத்துக்குப் பதினைந்து நாள் முந்தி பராஅத் இரவு வரும். அன்று தெருவே கண் விழித்துப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருக்கும். நான் எல்லையிலிருந்து திரும்பி வந்து, சைக்கிளோடு பள்ளிவாசல் முற்றத்துக்குள் நுழைந்து, தொழுகைக்கு முன் கை கால் கழுவும் தொட்டிக்குள் விழுந்தேன். விழுந்ததோடு போகாமல் உள்ளேயே வாந்தியும் எடுத்தேன். தொட்டித் தண்ணீர் முழுவதையும் இறைத்துக் கொட்டி, தேய்த்துக் கழுவி, கிணற்றிலிருந்து மறுபடி நிரப்பினார்கள். விடியும்வரை வாளிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

காலையில் என் மனைவி சைக்கிளின் இரண்டு சக்கரங்களிலிருந்தும் வால்வைப் பிடுங்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். அன்றிலிருந்து நான் குடிக்கவில்லை. அந்த முடிச்சை அவிழ்க்கச் சொல்லிக் கேட்க எனக்கு முகமில்லை, அவ்வளவுதான்.

அப்புறம்தான் ராத்திரிகள் ஆரம்பித்தன. படுத்தால் தோலுக்கு அடியில் எறும்பு ஊர்வது போல இருக்கும். கால் தானாக உதறும். கொஞ்சம் கண் அயர்ந்தால் கனவில் குடிப்பேன், பதறி எழுந்து வாயைத் துடைப்பேன். விளக்கெண்ணெயை உள்ளங்காலில் தேய்த்துப் பார்த்தேன், கசகசா அரைத்துப் பாலில் குடித்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அது கோடை வேறு. ஓட்டு வீட்டுக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் படுத்த மாதிரி வேகும். வெளியே வந்தால் வயல் பக்கத்துப் பனைகளின் ஓலை கரகரக்கும். அந்தச் சத்தம் எதை நினைவுபடுத்தும் என்று சொல்லத் தேவையில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் என் மனைவி சுவர்ப் பக்கம் திரும்பி, மூச்சு சீராக வர, அசையாமல் கிடப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். புருஷன் இப்படிக் கிடந்து துடிக்கிறான், இவளுக்கு எப்படித்தான் தூக்கம் வருகிறதோ என்று பல ராத்திரி மனசுக்குள் அவளைத் திட்டியிருக்கிறேன்.

வீட்டில் இருக்க முடியாமல் தெருவில் நடக்கத் தொடங்கினேன். நாய்கள் குரைத்தன, ஆட்கள் புகார் சொன்னார்கள். நோன்பு பிறப்பதற்கு முந்தின நாள் பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் முத்தவல்லி கடைக்கு வந்தார். என் அத்தாவோடு பழகியவர். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று எழுந்து நின்றேன்.

"ஏன்டாப்பா, ராத்திரி பூரா தெருவ அளந்துட்டு இருக்கறயாமா?"

"தூக்கம் வரலீங்க மாமா."

"அப்ப ஒண்ணு செய்யி. வருசா வருசம் வார பக்கீர்சா இந்த வாட்டி சீக்காப் படுத்துட்டாரு. சஹருக்கு நீ எழுப்பு. எப்புடியும் முழிச்சுட்டுத்தான இருக்கற?"

நோன்பு வைக்கிறவர்கள் விடியலுக்கு முன் சாப்பிட்டுவிட வேண்டும், அதுதான் சஹர். கிழக்கு வெளுக்கும் முன் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்லிவிட்டால் அப்புறம் சூரியன் மறையும்வரை ஒரு மிடறு தண்ணீர்கூடக் கிடையாது. ஆகவே மூன்று மணிக்கு ஒருவர் தாயிரா என்கிற, சலங்கை கோத்த வட்ட மேளத்தைத் தட்டிக்கொண்டு தெருவை எழுப்பிப் போவார். தொட்டியை நாசம் செய்தவன் கையில் அந்தத் தாயிராவைக் கொடுத்தார் முத்தவல்லி. கூடவே அலாரம் கெட்டுப்போன டைம்பீஸ் ஒன்றையும் கொடுத்தார். தூங்காதவனுக்கு அலாரம் எதற்கு?

எனக்குப் பாட வராது. "எந்திரிங்க, சஹர் நேரமாச்சு" என்று கத்திக்கொண்டு தட்டுவேன். சன்னல்களில் ஒவ்வொன்றாக விளக்கு தெரியும். மூட்டை தூக்குகிற ஒருவர் கடைசி வீட்டில் இருந்தார். பகல் முழுக்க வெயிலில் சுமை தூக்கிக்கொண்டே நோன்பு பிடிப்பவர். அவர் வீட்டில் விளக்கு தெரிந்தால்தான் நான் திரும்புவேன். ஒரு தெருவுக்கே நான் வேண்டியவனாக இருந்தேன். அது எனக்குக் கள்ளைவிடப் போதையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

ஆனாலும் ஆபத்து தீரவில்லை. பன்னிரண்டாம் நோன்பு என்று நினைவு. எழுப்பி முடித்த பிறகு கடைசி வீட்டோடு திரும்பாமல் நடந்துகொண்டே இருந்தேன். எங்கே போகிறேன் என்று எனக்குத் தெரியும். நடந்தே போனாலும் விடிந்ததும் போய்ச் சேரலாம், மரத்திலிருந்து புதுக்கள் இறங்கும் நேரம். ரயில்வே கேட் சாத்தியிருந்தது. கூட்ஸ் வண்டிக்காக நின்றபோது கையில் சலங்கை குலுங்கியது. குனிந்து பார்த்தால் தாயிரா. பள்ளிவாசல் தாயிராவைத் தூக்கிக்கொண்டு கள்ளுக்கடைக்கு எப்படிப் போவது? கேட்டருகே எங்கேயாவது வைத்துவிட்டுப் போகலாமா என்றுகூட யோசித்தேன். வண்டி போய்க் கேட் திறந்தது. கேட்காரர் விளக்கைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தார். நான் திரும்பி நடந்தேன்.

இருபத்து நாலாம் நோன்புக்கு முந்தின ராத்திரி மழை பெய்தது. அந்தக் கோடையின் முதல் மழை. ஓடு குளிர்ந்து, மண் வாசனை அறைக்குள் வந்தது. மணி ஒன்றரை இருக்கும். சட்டையைப் போட்டுக்கொண்டு, தாயிராவை மடியில் வைத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

கண் திறந்தபோது பாங்கு கேட்டுக்கொண்டிருந்தது.

முதலில் ஒன்றும் விளங்கவில்லை. உடம்பு அவ்வளவு லேசாக இருந்தது. அப்புறம் விளங்கியது. பாங்கு சொன்னால் வாய் கட்டியாகிவிட்டது. தெருவில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. மழைக் குளிரில் ஊரே அயர்ந்து தூங்கி, பாங்குச் சத்தத்தில்தான் எழுந்திருக்கிறது.

விடிகாலைச் சுபுஹுத் தொழுகை முடிந்ததும் எல்லாரும் நேராக என் வாசலுக்கு வந்தார்கள். பீடி சுற்றுகிற இளைஞன் ஒருவன்தான் முதலில் சொன்னான்: "ஊத்திக்கிட்டுக் கவுந்தடிச்சுட்டான். அன்னிக்குத் தொட்டி, இன்னிக்குச் சஹரு!"

"சத்தியமாக் குடிக்கலீங்க. தூங்கிட்டேனுங்க" என்றேன். எனக்கே அது பொய் போலத்தான் கேட்டது. ராத்திரியில் தூக்கமே வராதவன் என்றுதானே இந்த வேலையே கொடுத்தார்கள்.

முத்தவல்லி என் பக்கத்தில் வந்தார். "வாயத் தொற."

அத்தனை பேருக்கு முன்னால் நான் வாயைத் திறந்தேன். அவர் முகர்ந்து பார்த்தார். அந்த நிமிஷத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் காது சுடுகிறது.

"வாடை இல்ல" என்றார். யாரோ பின்னாலிருந்து, ராத்திரி குடித்தால் விடிந்தபின் என்ன வாடை இருக்கும் என்றார்கள். முத்தவல்லிக்கும் சந்தேகம் இருந்தது. சுமை தூக்குகிறவர் வெறும் வயிற்றோடு தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார், அதுதான் என்னைக் கொன்றது. இதற்குக் குடித்தே தொலைத்திருக்கலாமே என்று ஒரு நினைப்பு ஓடியது. இவர்கள் போன உடனே நடக்க ஆரம்பித்தால் வெயில் ஏறுவதற்குள் எல்லை. நான் மனசுக்குள் புறப்பட்டே விட்டேன்.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. என் மனைவியின் கை. உள்ளங்கையில் இரண்டு வால்வுகள் இருந்தன.

"சைக்கிளத் தொட்டுப் பாருங்க மாமா. காத்தே இல்லீங்க. முப்பத்தெட்டு நாளா இது என்கிட்டத்தானுங்க இருக்குது. அவுங்க எங்கியும் போகலீங்க. தூங்குனாங்க."

முத்தவல்லி சைக்கிள் டயரை அமுக்கிப் பார்த்தார். அது தரையோடு சப்பிக் கிடந்தது.

"அவுங்க மேல தப்பு இல்லீங்க" என்றாள் மறுபடியும். "நான் முழிச்சுட்டுத்தானுங்க இருந்தேன். மணி மூணு ஆனதும் பாத்தேன். எழுப்ப எனக்கு மனசு வரலீங்க."

நானும் இதை அப்போதுதான் கேட்கிறேன்.

முத்தவல்லி கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "சஹர் சாப்புடலீன்னாலும் நோன்பு நோன்புதான். போயி அவங்கவங்க வேலையப் பாருங்க" என்று கூட்டத்தைக் கலைத்தார். போகும்போது என்னைப் பார்த்து, "இன்னிக்கு ராத்திரியும் நீதான் தட்டணும்" என்றார்.

அன்று பகல் வெயில் கொளுத்தியது. கடைக்குப் புகையிலைச் சிப்பம் வந்தபோது சுமை தூக்குகிறவரை உட்காரச் சொல்லிவிட்டு நானே இறக்கினேன். வேண்டாம் என்று சொல்ல அவருக்குத் தெம்பில்லை. நிழலில் கண்ணை மூடிச் சாய்ந்துவிட்டார். அவரைப் பார்க்கப் பார்க்க எனக்கு மனைவி மேல் கோபம் ஏறியது. வீட்டுக்குப் போய் முதல் வேலையாகக் கேட்டேன்.

"ஒரு தெருவையே பட்டினி போட்டுட்டயே, உனக்கு நெஞ்சு பதறலயா?"

அவள் நோன்புக் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். கரண்டியை நிறுத்தாமலே சொன்னாள்:

"ஒரு நா தானுங்களே. ஆறு வருசமா ராத்திரி சோத்த மூடி வெச்சுட்டு, நீங்க வார வரைக்கும் நான் பட்டினியா உக்காந்திருந்தேன். இந்தத் தெருவுல எந்த ஊட்டுக்காரங்களாச்சும் வந்து கேட்டாங்களா?"

ஆறு வருஷத்தில் நானும் ஒரு தடவை கேட்டதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்கிற நிலையில் நான் என்றைக்கு வீட்டுக்கு வந்தேன்? இந்த முப்பத்தெட்டு ராத்திரியும் சுவரைப் பார்த்துக்கொண்டு, மூச்சைச் சீராக விட்டு, நான் எழுந்து போகிறேனா என்று காது கொடுத்துக் கிடந்திருக்கிறாள். அவளைத்தான் நான் திட்டிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. அடுப்புப் புகையின் மேல் பழியைப் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மூன்று மணிக்கு எழுந்து பார்த்தேன். அவள் இந்தத் தடவை சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. மல்லாந்து, வாய் லேசாகத் திறந்து, சின்னக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். அவள் குறட்டை விடுவாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு, தெருக்கோடிக்குப் போன பிறகுதான் தாயிராவைத் தட்டினேன். கடைசி வீட்டிலிருந்து தொடங்கி எல்லா வீட்டையும் எழுப்பிவிட்டு ஓட்டமாகத் திரும்பி வந்தேன். சோற்றுப் பானையின் மூடியை எடுத்து, இரண்டு தட்டில் போட்டு, குழம்பை ஊற்றி வைத்தேன். அப்புறம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "எந்திரி, சோறு போட்டு வெச்சிருக்கேன்" என்றேன்.