நடுவர் நாற்காலியும் பழைய நோட்டும்

எனக்குப் பொறாமை வந்தால் முதலில் காது சூடாகும். அந்த ஜனவரி முழுக்க என் காது இரண்டும் ஆறவே இல்லை.

ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்துத் திருச்சியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு இருபத்திரண்டு வருஷமாக வரலாறு எடுக்கப் போகிறேன். ஆண்டு விழாவுக்கு முந்தின வாரம் எங்கள் ஆசிரியர்களே பேசும் பட்டிமன்றம் உண்டு. பழைய வரலாற்று சார் ஓய்வு பெற்ற பிறகு, பதினோரு வருஷமாக நான்தான் நடுவர். நாற்காலி, மேஜை, மேஜைமேல் பித்தளை மணி. நேரம் முடிந்தால் கணக்கு சாரையே டங்கென்று தட்டி உட்கார வைக்கலாம். அந்தச் சுகம் சொன்னால் புரியாது.

இந்த வருஷம் அந்த நாற்காலியை ஒருத்தி கொண்டுபோனாள். ஜூனில் வேலைக்குச் சேர்ந்த தொட்டியத்துப் பெண், அவளும் வரலாறுதான். திங்கட்கிழமைதோறும் சொந்தத் தோட்டத்துப் பூவன் பழம் நாலு சீப்பு ஸ்டாஃப் ரூமில் வைப்பாள். பழத்துக்கே கவிழ்ந்துவிட்டார்கள் அத்தனை பேரும். நானும் தின்றேன், இல்லையென்று சொல்லவில்லை.

ஹெச்.எம். என்னைக் கூப்பிட்டு, "இந்த வருஷம் நடுவரா அவங்க உட்காரட்டுங்க மேடம். நீங்க ஒரு அணிக்குத் தலைமை எடுத்துக்குங்க, பிள்ளைங்களுக்கும் மாறுதலா இருக்கும்" என்றார்.

"அதுக்கென்னங்க, தாராளமா" என்றேன். காது இரண்டும் கொதித்தன.

தலைப்பு என்ன தெரியுமா? இந்தியாவுக்குக் கடல்வழி கண்டுபிடித்த போர்ச்சுக்கீசியர் வீரரா, கொள்ளையரா? நான் நடத்திய பழைய தலைப்பு! ஆகஸ்டில் அவள் வந்து, "மேடம், உங்க பட்டிமன்ற நோட்டைக் கொஞ்சம் தருவீங்களா?" என்றபோது பெரிய மனுஷி மாதிரித் தூக்கிக் கொடுத்தவளும் நான்தான். நுணலும் தன் வாயால் கெடும். நான் கையால் கெட்டேன். அந்த நோட்டில் தீர்ப்புவரை இருக்கிறது. எங்கள் பட்டிமன்றத்தில் தீர்ப்பை முந்தின வாரமே எழுதிவிடுவோம். பேசுகிறவர்கள் தெரியாத மாதிரி வேர்க்க விறுவிறுக்கப் பேசுவார்கள். யாத்திரை போனவர்களைக் கப்பலோடு கொளுத்திய அந்தப் போர்ச்சுக்கீசியரை எந்த நடுவரும் வீரர் என்று எழுத முடியாது. எனக்கு வாய்த்ததோ வீரர் அணி.

அன்றைக்கு மேடை ஏறும்போதுதான் பார்த்தேன், முன்வரிசையில் பழைய வரலாற்று சார் உட்கார்ந்திருந்தார். நடுவரம்மாவே உறையூர் போய் அழைத்து வந்தாளாம். எனக்கு என்னவோ போலிருந்தது. ஆனால் அவள் விரல் மணிமேல் இருப்பதைப் பார்த்ததும் மற்றதெல்லாம் மறந்துபோயிற்று.

முதல் இரண்டு நிமிஷம் ஒழுங்காகத்தான் பேசினேன். புயல், பசி, மாதக்கணக்கில் கரை காணாத துணிச்சல் எல்லாம் சொன்னேன். பிறகு எங்கிருந்து வந்ததோ அந்த ஆங்காரம்!

"வழி கண்டுபிடிச்சாராம்! ஆப்பிரிக்கக் கரையில ஒரு மாலுமி கப்பல்ல ஏறி, காத்து எப்போ அடிக்கும், எந்தப் பக்கம் திருப்பணும்னு கோழிக்கோடு வரைக்கும் சொல்லிக் குடுத்தாரே, அவர் பேரு உங்க யாருக்காவது தெரியுமா? வழி சொன்னவர் ஒருத்தர், பேரு வாங்கினவர் இன்னொருத்தர். அடுத்தவங்க அறிவை வாங்கிக்கிட்டு நாற்காலியில ஏறி உட்கார்றதுக்குப் பேரு வீரமா?"

பிள்ளைகள் விசிலடித்தார்கள். என் அணிக்காரர் தமிழ் சார் என் முந்தானையைப் பிடித்து இழுக்காத குறையாக, "மேடம், நாம வீரர் அணி!" என்று பல்லைக் கடித்தார். டங். அவள் மணியைத் தட்டிவிட்டாள்.

தீர்ப்பு சொல்ல எழுந்தவள் என் நோட்டை எடுத்தாள். திறக்கவில்லை.

"எழுதி வச்ச தீர்ப்பைப் படிக்க மனசு வரலைங்க. கப்பலைக் கொளுத்தினதுக்கு மன்னிப்பே கிடையாது, அவர் கொள்ளையர்தான். ஆனா வழி சொன்னவரை மறந்ததுல நமக்கும் பங்கு இருக்குன்னு மேடம் புரிய வச்சிட்டாங்க. இந்த நோட்டு மேடம் எனக்குக் குடுத்தது. முதல் பத்துப் பக்கம் வேற கையெழுத்தா இருந்துச்சு, விசாரிச்சேன். நம்ம சார் எழுதினது. சார் மேடத்துக்கு இதை எப்படிக் குடுத்தாங்கன்னு மேடமே சொல்லட்டும்."

மைக்கை என் கையில் கொடுத்தாள். முகத்தில் துளி சூது இல்லை. சூது இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

சார் ஓய்வு பெற்ற அன்று, "படிச்சிட்டுத் தரேன் சார்" என்று அவர் பீரோவிலிருந்து வாங்கிக்கொண்டது அந்த நோட்டு. அவர் இரண்டு முறை போன் செய்து கேட்டார். தேடுகிறேன் என்றேன். பதினோரு வருஷம் அதை மேஜைமேல் வைத்துக்கொண்டுதான் மணி தட்டினேன். ஒரு தடவைகூட அவர் பேரை வாயால் சொன்னதில்லை.

ஆசையாகக் கொடுத்தார் என்று சொல்லிவிடலாம். சார் மறுக்க மாட்டார், அப்படிப்பட்ட மனுஷர். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் என்னைப் பார்க்காமல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார் குடுக்கலை. நான் திருப்பித் தரலை" என்றேன்.

நான் கீழே இறங்கி நோட்டை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கி, பின்பக்கங்களைப் புரட்டி, "நிறைய சேர்த்திருக்கியேம்மா" என்றார். அதற்கப்புறம் எழுந்தது பாருங்கள் கைதட்டல், என் பதினோரு வருஷத்தில் அப்படி ஒன்றை நான் வாங்கியதில்லை. எல்லாம் அவருக்கு. என் காது மறுபடியும் சூடாயிற்று.