சனிக்கிழமைகளில் பார்த்த அம்பிளிபயர்

எனக்கு அம்பிளிபயர் தேவையே இல்லை. எங்கள் கோப்பாய்ப் பக்கம் இன்னும் மின்சாரம் வரவில்லை. கிற்றாரை அரிக்கன் லாம்பிலா பூட்டுவது? ஆனாலும் இரண்டாவது உலகச் சண்டை முடிந்த அடுத்த வருஷம், யாழ்ப்பாணம் ஸ்டேசனுக்குப் பக்கத்தில் றெயில்வே கிளாக்கர் ஒருவர் பழைய அம்பிளிபயர் விற்கிறார் என்று கேள்விப்பட்டதும் கிற்றாரோடு புறப்பட்டுவிட்டேன். மனைவி இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மற்ற நாட்களைப் பள்ளிக்கூடம் தின்றுவிடும். சனிக்கிழமையை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

தன் நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவன் விற்றுவிட்டுப் போன சின்னப் பெட்டி அது. வால்வு சூடேறும்வரை பேசாமல் இருக்கும். பிறகு மெல்ல இரையும். கூடவே இருந்த மைக்கைக் கிற்றாரில் பூட்டி வாசித்தேன். கிளாக்கர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தேத்தண்ணீர் கொண்டுவந்த அவர் மனைவி போகாமல் நின்று கேட்டார். நான் வாசிப்பதை ஒருவர் கேட்டு எவ்வளவோ காலம்.

"இரைச்சல் கொஞ்சம் கூடப்போலை கிடக்கு. யோசிச்சு அடுத்த கிழமை வாறன்" என்றேன்.

அடுத்த கிழமை வால்வில் சந்தேகம் வந்தது. அதற்கடுத்த கிழமை வயரில். நல்ல பெட்டிக்கு இத்தனை நோய் கண்டுபிடித்தவன் நானாகத்தான் இருப்பேன். "ஓம் மாஸ்டர், ஆறுதலாப் பாத்து எடுங்கோ" என்பார் கிளாக்கர். வாங்கிவிட்டால் அந்த வீட்டுக்குப் போகக் காரணம் இல்லாமல் போய்விடும். என் பயமெல்லாம் அதுதான்.

மாரி மழை தொடங்கியபோது கிளாக்கருக்குத் தெற்கே காலிக்கு மாற்றம் வந்தது. நான் போனபோது சாமான் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பெட்டியை நான் எடுக்கிறன்" என்றேன்.

கிளாக்கர் மனைவியைப் பார்த்தார். மனைவிதான் கேட்டார்: "கொண்டுபோய் என்ன செய்யப்போறியள் மாஸ்டர்? உங்கடை பக்கம் கறண்ட் இல்லையே."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "எப்ப தெரியும்?"

"முதல்நாள் கோப்பாய் எண்டு சொன்னவுடனை தெரியும். பிறகு ரெண்டு பேர் பெட்டியைக் கேட்டு வந்தவை. வித்துப்போட்டம் எண்டு இவர் சொல்லி அனுப்பிப்போட்டார்."

கிளாக்கர் குனிந்து ஒரு கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். பேரம் பேசாமல் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, கிற்றாரையும் தூக்கிவிட்டேன். வேலிப் படலையைத் திறந்த பிறகுதான் போக இடமில்லை என்பது உறைத்தது.