நடு இடத்தை விட்டுக்கொடுக்காத அண்ணன்

போன தை மாதம் எங்கள் வீட்டு வாசலில் எங்களோடு நின்று அழுத உறவினர்களே, நண்பர்களே, ஓராண்டு முடிந்து இன்று மீண்டும் அதே வாசலுக்கு வந்திருக்கிறீர்கள். இந்த நினைவு மலருக்காக அண்ணனின் வாழ்க்கையை நடந்தது நடந்தபடி எழுதித் தரும்படி அண்ணி என்னிடம் சொன்னார். நம் குடும்பத்தில் யாருக்கு எந்த மாதம் காது குத்தினோம், எந்த ஆண்டு கிணறு வற்றியது என்று சந்தேகம் வந்தால் என்னிடம்தான் கேட்பது வழக்கம். அந்த நம்பிக்கையில்தான் அண்ணி இந்தப் பொறுப்பைக் கொடுத்தார்.

எழுத உட்காரும் முன்பே ஒரு வேண்டுகோள் வந்தது. அண்ணியின் உடன்பிறந்தவர், எங்களுக்கு மச்சான், நம் ஊர் நோம்பித் திருவிழா விளையாட்டுக் குழுவின் தலைவர், சேலத்துக்கு என் வீடு தேடி வந்தார். காப்பி குடித்து முடித்த பிறகு மெதுவாகச் சொன்னார்.

"மாப்ள, கடைசியில பெரிய மனசு பண்ணி எளசுகளுக்கு வழி உட்டாருன்னு ஒரு வரி போட்டுருங்க. படிக்கறவங்களுக்கு நல்லாருக்கும்."

"நல்லாத்தான் இருக்குதுங்க மச்சான். ஆனா அப்படி நடக்கலீங்களே."

மச்சான் சிரித்துக்கொண்டே எழுந்தார். "நீங்க ரெண்டு பேரும் ஒரே வகுத்துல பொறந்தவங்கதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கேட்ட வரி இந்தக் கட்டுரையில் இல்லை. அது ஏன் இல்லை என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

அண்ணன் பிறந்தது நாமக்கல்லுக்குக் கிழக்கே, கொல்லிமலை தெரியும் நம் ஊரில், ஒரு ஆனி மாதம், அஸ்த நட்சத்திரத்தில். பள்ளிச் சான்றிதழில் இருக்கும் பிறந்த தேதி தவறு. அப்பா அவரைப் பள்ளியில் சேர்க்கக் கூட்டிப்போனபோது வயது போதவில்லை. தலைமையாசிரியர் இரண்டு வயதைக் கூட்டி எழுதிக்கொண்டார். ஜாதகத்தில் உள்ளதே சரி. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிற்காலத்தில் அண்ணனின் வயதைப் பேசாதவர்கள் நம் ஊரில் இல்லை. பேசியவர்கள் எல்லோரும் இரண்டு வயது கூட்டியே பேசினார்கள்.

அண்ணனுக்குப் பதினான்கு வயதில் அப்பா காலமானார். எனக்கு அப்போது பத்து வயது. இருந்த கொஞ்ச நிலமும் மழையை நம்பியிருந்தது. அடுத்தடுத்து மழை பொய்த்த அந்த ஆண்டுகளில் அம்மா பக்கத்துத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போனார். அண்ணன் பள்ளியை விட்டுவிட்டு நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் சேர்ந்தார். அது மச்சானின் தகப்பனார் நடத்திய பட்டறை. எடுபிடி வேலைக்குப் போனவர் வெல்டிங் கற்று, பிறகு பட்டறை முழுவதையும் மேற்பார்க்கும் நிலைக்கு வந்தார். அந்த வீட்டிலேயே பெண்ணும் எடுத்தார். என்னைக் கல்லூரி வரை படிக்க வைத்தது அவர் கை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

பட்டறைக்குப் பின்புறம் செம்மண் தரையில் மாலை நேரங்களில் பூப்பந்து ஆடுவார்கள். சேலம் பக்கம் நான் இதைச் சொன்னால் பலரும் இறகுப்பந்து என்று நினைத்துக்கொள்கிறார்கள். இது வேறு. மஞ்சள் கம்பளி நூலால் ஆன பந்து. பக்கத்துக்கு ஐந்து பேர். முன்னால் இருவர், பின்னால் இருவர், நடுவில் ஒருவர். நடுவில் நிற்பவரிடம்தான் பந்து அதிகம் வரும். எதிரணி எங்கே அடிக்கப் போகிறது என்று அவர்தான் முதலில் உணர வேண்டும். அந்த இடத்தில் அண்ணன் நிற்கத் தொடங்கியபோது அவருக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. பங்குனி நோம்பிக்கு நம் ஊரில் நடக்கும் போட்டியில் நம் அணி தொடர்ந்து கோப்பை வாங்கிய காலம் அவருடைய காலம். திருச்செங்கோடு, ராசிபுரம், ஆத்தூர் என்று எங்கே போனாலும் எதிரணியினர் முதலில் கேட்பது, "அந்த நடு ஆள் வந்திருக்காருங்களா?" என்பதுதான்.

வயது ஏறியது. வலது முழங்கால் வீங்கத் தொடங்கியது. நாற்பத்தைந்துக்கு மேல் அவரால் பழையபடி குனிந்து எடுக்க முடியவில்லை. கோப்பைகள் வேறு ஊர்களுக்குப் போயின. அப்போதுதான் என் மகன் வளர்ந்து வந்தான். நடுவில் ஆடக்கூடியவன். ஊருக்கு வரும்போதெல்லாம் பெரியப்பாவைப் பார்த்தே மட்டை பிடித்தவன் என்றாலும், அவர் அவனுக்கு எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. "எனக்கு எதுத்தாப்புல நிக்கப் போறவனுக்கு நானே எப்படிச் சொல்லித் தர்றது?" என்று கேட்பார். ஆக, எங்கள் வீட்டிலேயே ஒரு இடத்துக்கு இரண்டு பேர். வீட்டில் என் மனைவிக்கும் அண்ணிக்கும் நடுவே பேச்சு குறைந்தது. நான் எந்தப் பக்கமும் சேராமல் இருந்தேன்.

மச்சானின் வாதத்தை அவர் சொன்னபடியே பதிவு செய்வது முறை. அவர் அண்ணனின் விரோதி அல்லர். ஒரு ஊர் அணி என்பது ஒரு ஆளின் சொத்து அல்ல என்றார். பெரிய ஆட்டக்காரர் ஒருவர் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றால் பின்னால் வரும் பையன்கள் காத்துக் காத்துச் சலித்து வெளியேறிவிடுவார்கள், பிறகு அணியே இருக்காது என்றார். ஊருக்காக ஆடியவர் ஊருக்காக ஒதுங்கவும் வேண்டும் என்றார். இதில் பொய் என்று ஒரு சொல்லைக்கூட என்னால் காட்ட முடியாது. ஆனால் அதை அவர் நிறைவேற்றிய விதம்தான் நம் ஊருக்கே உரியது.

நேரில் சொல்ல யாருக்கும் துணிவு இல்லை. ஆகவே அண்ணனுக்குப் பாராட்டு விழா வைத்தார்கள்.

அந்தப் பங்குனியில், பொழுது சாயும் நேரம், அரையிறுதி தொடங்க வேண்டும். அண்ணன் முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு மட்டையோடு தயாராக நிற்கிறார். மைக்கில் அவர் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். மாலை போட்டார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். "ஐம்பத்திரண்டு வயது வரை" என்று மச்சான் தொடங்கியபோது அண்ணன் பக்கத்தில் நின்று, "அம்பதுங்க" என்று திருத்தியது மைக்கில் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். இன்று முதல் அவர் அணியின் ஆலோசகர் என்று மச்சான் அறிவித்தார். சிறப்பு விருந்தினருக்குப் பக்கத்தில் துண்டு விரித்த ஒரு நாற்காலியைக் காட்டினார். அதே நேரத்தில் என் மகன் மைதானத்தில், நடுவில், போய் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு முன்பே சொல்லி வைத்திருந்தார்கள் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

அண்ணனுக்குப் புரிய நேரமாகவில்லை. மாலையைக் கழற்றினார். பொன்னாடையை அவசரமில்லாமல் நாலாக மடித்தார். அந்த நாற்காலியில் வைத்தார்.

"இது உக்காந்து பாக்கட்டும்ங்க. நான் ஆடிட்டு வாரேன்."

கூட்டம் சிரித்தது. மச்சான் சிரிக்கவில்லை. அண்ணன் நொண்டிக்கொண்டே கோட்டுக்குள் போய் என் மகன் எதிரில் நின்றார். அவன் மச்சானைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"செத்த நகரு கண்ணு" என்றார் அண்ணன். "ஆட்டத்துல என்னைய அடிச்சுட்டு வந்து நில்லு, நானே கை தட்டறேன். மைக்குல சொன்னாங்கன்னு வந்து நிக்காத."

மகன் வெளியே வந்தான். அந்த ஆட்டத்தில் நாம் தோற்றோம். கடைசியில் போன புள்ளிகளில் பெரும்பாலானவை நடுவில்தான் போயின. இதை நான் மறைக்க மாட்டேன். அன்று என் மகன் ஆடியிருந்தால் ஒருவேளை வென்றிருப்போம். இதையும் மறைக்க மாட்டேன்.

மறுநாள் மகன் என்னிடம், "பெரியப்பா இருக்கற வரைக்கும் அந்த ஊர்ல எனக்கு எடமில்லீங்கப்பா" என்றான். அவனுக்கு வேலை ஆத்தூரில். அங்குள்ள அணியில் சேர்ந்துகொண்டான். மச்சான் சொன்னது அப்படியே நடந்தது. ஊரில் எல்லோரும் அண்ணனைக் குறை சொன்னார்கள். ஒன்றை மட்டும் குறிப்பிட வேண்டும். அப்படிக் குறை சொன்னவர்களில், எழுபது தாண்டியும் கோயில் பொறுப்பை விடாதவர்கள் உண்டு. பேரன் பிறந்தும் லாரி சாவியை மகன் கையில் கொடுக்காதவர்கள் உண்டு. அவர்களை எல்லாம் யாரும் பொன்னாடை போர்த்தி உட்கார வைக்கவில்லை.

அண்ணன் அந்த ஓராண்டு முழுவதும் பட்டறை மூடிய பிறகு ஆடினார். சேலத்தில் முழங்காலைப் பார்த்த மருத்துவர் ஆட வேண்டாம் என்றார். வேலை செய்யலாமா என்று அண்ணன் கேட்டார். செய்யலாம் என்றார் மருத்துவர். "அப்பறம் என்னங்க, வேல செய்யற காலுதான ஆடுது" என்று சொல்லிவிட்டு வந்தார். நான் கூடவே இருந்தேன்.

அடுத்த பங்குனியில் ஆத்தூர் அணி நம் ஊருக்கு வந்தது. வலைக்கு அந்தப் பக்கம் நடுவில் என் மகன். இந்தப் பக்கம் நடுவில் அண்ணன். அண்ணன் இருக்கிறார் என்பதால் எதிரணியினர் பலரும் அந்தக் காலத்தில் அவரிடம் பந்தை மெதுவாக அனுப்புவார்கள். மரியாதை என்று நினைத்துச் செய்வார்கள். அண்ணனுக்கு அதைவிட அவமானம் வேறு இல்லை. என் மகன் அப்படிச் செய்யவில்லை. முதல் பந்திலிருந்தே அண்ணனின் வலது முழங்காலுக்குக் கீழே, குனிந்தால்தான் எடுக்க முடியும் என்ற உயரத்தில் அடித்தான். மீண்டும் மீண்டும் அங்கேயே அடித்தான். அண்ணன் சிலவற்றை எடுத்தார். பலவற்றை விட்டார். ஒரு முறை எடுக்கப் போய்க் கை ஊன்றி விழுந்தார்.

கூட்டம் பொறுக்கவில்லை. பெரியப்பன் என்றுகூடப் பார்க்காதவன் என்று பெண்கள் பக்கமிருந்து சத்தம் வந்தது. என் பெயரும் அடிபட்டது. அண்ணன் எழுந்து செம்மண்ணைத் தட்டிவிட்டு, ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி, கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"அவன் சரியாத்தான் ஆடறான். சும்மா இருங்க எல்லாரும். இத்தன நாளா ஒருத்தனாச்சும் என்னைய ஆட்டக்காரன்னு நெனச்சு அடிச்சீங்களா?"

ஆட்டம் தொடர்ந்தது. நாம் தோற்றோம். முடிந்ததும் மகன் வலைக்குக் கீழே புகுந்து வந்து அவர் காலைத் தொடக் குனிந்தான். அண்ணன் தோளைப் பிடித்து நிறுத்திக் கையைக் குலுக்கினார்.

"எடுத்துக்கிட்ட. நான் குடுக்கல, பாத்தியா."

"தெரியுதுங்க பெரியப்பா."

அவர் முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சியை அவர் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை. அதன் பிறகாவது ஓய்வு எடுத்தாரா என்று கேட்பீர்கள். அந்த வாரமே மைதானத்தில் இருந்தார். அடுத்த நோம்பிக்கு அவன் வருவான், பதில் சொல்ல வேண்டும் என்றார்.

ஐப்பசியில் வயிற்றில் நோய் என்று தெரிந்தது. தீபாவளியை மருத்துவமனையில் கழித்தோம். கார்த்திகைக்குப் பிறகு சேலம் அஸ்தம்பட்டியில் என் வீட்டிலேயே இருந்தார். பார்க்க வந்தவர்கள் இனி ஓய்வாக இருங்கள் என்று சொல்வார்கள். "பந்தே வரலீங்களே, ஓய்வா இல்லாம வேற என்ன பண்றது" என்பார். என் மகன் ஞாயிறுதோறும் ஆத்தூரிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். இருவரும் அந்த ஆட்டத்தைப் பந்து பந்தாகப் பேசுவார்கள். சில பந்துகளில் கருத்து வேறுபாடு இருந்தது. கடைசி வரை தீரவில்லை. தை மாதம், பொங்கல் கழிந்து, ஒரு விடியற்காலையில் அண்ணன் இயற்கை எய்தினார்.

இப்போது மச்சான் கேட்ட வரிக்கு வருகிறேன். சேலம், தருமபுரிப் பக்கம் வயல்களிலும் ஏரிக்கரைகளிலும் நடுகற்கள் நிற்கின்றன. ஓய்வு நாட்களில் அவற்றைத் தேடிப் போய்ப் பார்ப்பவன் நான். ஊர் மாட்டை மீட்கப் போய் விழுந்தவனுக்குக் கல் நட்டிருக்கிறார்கள். புலியோடு போராடி விழுந்தவனுக்கு நட்டிருக்கிறார்கள். பெருந்தன்மையாக விலகி நின்றவனுக்கு நட்ட கல்லை நான் இதுவரை பார்த்ததில்லை. கல் நடப்பட்டவர்களில் சிலர் வயதானவர்களாகவும் இருந்திருப்பார்கள். ஊரின் நலனுக்காக ஒதுங்கச் சொல்லி அவர்களிடமும் யாராவது சொல்லியிருக்கலாம்.

அணியின் நலன் என்று எல்லோரும் பேசினார்கள். மைக்கில் அறிவித்து இடம் வாங்கிய ஒருவன் நடுவில் நிற்பதா அணியின் நலன்? அண்ணன் விலகியிருந்தால் என் மகன் ஒரு ஆண்டு முன்னதாக ஆடியிருப்பான். ஒரு கோப்பையும் வந்திருக்கலாம். ஆனால் அவன் எப்படிப்பட்ட ஆட்டக்காரன் என்று அவனுக்கும் தெரிந்திருக்காது, நமக்கும் தெரிந்திருக்காது. ஆட முடியாத ஒருவரை விலக்க வேண்டுமானால் அவரை வெல்லுங்கள். வெல்ல முடியாவிட்டால் அவர் இடம் அவருடையது. அண்ணன் கேட்டது இவ்வளவுதான். அதைப் பிடிவாதம் என்றார்கள். பிடிவாதம்தான். அதற்காக அவரைத் தாழ்த்தி ஒரு வரியும், உயர்த்துவதாக நினைத்துப் பொய்யாக ஒரு வரியும் இந்த மலரில் வராது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அண்ணனைக் கடைசி வரை மனிதராக நடத்திய மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும் நன்றி. ரத்தம் தேவைப்பட்டபோது வேலை உடையோடே சேலத்துக்கு வந்து நின்ற பட்டறைத் தோழர்களுக்கு நன்றி. பாடையின் முன்கொம்பைத் தோளில் தாங்கி, சுடுகாடு வரை யாரிடமும் மாற்றிக் கொடுக்காமல் வந்தவர் மச்சான். அவருக்கும், அவர் இன்றும் என்னோடு செய்யும் வாதத்துக்கும் நன்றி. அண்ணனிடம் பாவம் பார்க்காமல் அடித்த ஆத்தூர் அணிக்குத் தனியாக நன்றி.

கடைசியாக ஒரு செய்தி. என் மகனுக்கு நாமக்கல்லுக்கே வேலை மாற்றலாகியிருக்கிறது. மச்சான் மகிழ்ந்து, நடு இடம் உனக்குத்தான், வா என்று அழைத்தார். மகன் மறுத்துவிட்டான்.

"சும்மா குடுத்தா வேண்டாம்ங்க மாமா. எனக்கு எதுத்தாப்புல யாராச்சும் நிக்கட்டும், அப்பறம் பேசலாம்."

ஆகவே அந்த இடம் இன்னும் யாருக்கும் உரியதல்ல. வேண்டும் என்பவர்கள், எந்த ஊராக இருந்தாலும், எந்த வயதாக இருந்தாலும், மாலையில் பட்டறைக்குப் பின்னால் மட்டையோடு வரலாம்.