வயர் எட்டாத அறை

அரியலூர் மறுபடியும் தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முந்தின வருஷம். லெப்பைக்குடிக்காட்டில் எங்கள் தெருமுனையில் ஒரு கம்ப்யூட்டர் கடை இருந்தது. துபாயில் இருந்துவிட்டு வந்தவர் வைத்தது. கடைக்குள் எப்போதும் ஆம்பிளைகள். அதனால் பெண்களுக்கென்று சந்துக்கு அந்தப்பக்கம் தன் வீட்டு அறையை ஒதுக்கி, வாசலில் திரை போட்டு, ஒரு மெஷின் வைத்திருந்தார். கடையில் இரண்டு கொம்பு நீட்டிய சின்னப் பெட்டி ஒன்று உண்டு. வயரே இல்லாமல் காற்றில் இண்டர்நெட்டை அறைக்கு அனுப்புவது அதுதான் என்று மருமகள் சொன்னாள்.

என் மகன் சவூதியில், தம்மாமில் வேலையில் இருந்தான். அங்கிருந்து லீவில் வந்த ஒருவர், "மெஷின்ல வலது கை மாட்டிக்கிச்சாமே, இப்ப தேவலையா?" என்று பேச்சுவாக்கில் கேட்டுவிட்டுப் போனார். எங்களுக்கு அப்போதுதான் சேதியே தெரியும். போனில் கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றான்.

"மொகத்தப் பாத்துக் கேளுங்க மாமி. ஒங்ககிட்ட பொய் சொல்ல வராது" என்றாள் மருமகள்.

வெள்ளிக்கிழமை அசர் தொழுதுவிட்டு அந்த அறைக்குப் போனோம். கம்ப்யூட்டரில் அவன் முகம் வந்தது. இளைத்திருந்தான். சலாம் சொன்னான். கையைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன், படம் அப்படியே நின்று, போய்விட்டது. திரும்பப் போட்டால் திரும்ப அறுந்தது. அடுத்த வெள்ளியும் அதே கதை. அவனேதான் நிறுத்துகிறான் என்று என் மனசில் விழுந்துவிட்டது. அதன்பிறகு சோற்றைப் பிசைந்தால் என் கையே எனக்குக் கண்ணில் உறுத்தும். ஒரு விரலா, முழுக் கையுமா? மருமகளிடம் சொல்லவும் பயம். அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்திருப்பாள்.

அதற்கடுத்த வாரம் கடைக்காரர் திரைக்கு வெளியே நின்று பேசினார். "பெரியம்மா, ஒங்க மவன் கட் பண்ணலீங்க. எவனோ வெளையாடுறான். ஒங்க மெஷின் பேர்ல, 'நான் கெளம்புறேன்'னு பொட்டிக்குச் சொல்லி அனுப்புறான். யாரு சொன்னதுன்னு பொட்டி பாக்காது. நம்பி வெட்டி வுட்டுடும்."

"கல்யாண வூட்டு சஹன் மாதிரி மாமி" என்றாள் மருமகள்.

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. எங்கள் விருந்தில் ஒரே பெரிய தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து சாப்பிடுவோம், அதுதான் சஹன். பரிமாறும் ஆம்பிளைகள் திரைக்கு வெளியே நிற்பார்கள். உள்ளேயிருந்து யாராவது குறும்புக்காரி, "அந்த சஹன் முடிஞ்சிது, எடுத்துக்கங்க" என்று குரல் கொடுத்தால் போதும். தட்டை வெளியே கேட்பார்கள், உட்கார்ந்தவர்கள் பாதிப் பசியோடு முழிப்பார்கள்.

"பாஸ்வேர்டு மாத்திப் பாருங்களேன்" என்றாள் மருமகள்.

"மாத்திட்டேன்மா, கேக்கல. பொட்டியோட ஓட்டையே அதான். வயர்ல போட்டா அவன் ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா வயரு இங்க எட்டாதுங்க. கடைக்குள்ளதான் வரணும்."

ஆம்பிளைகள் நடுவில் நான் வாய் திறந்ததே கிடையாது. துப்பட்டியை முகத்துக்கு இழுத்துக்கொண்டு மருமகள் பின்னால் போனேன். நாலு பேர் எழுந்து ஓரமாய் நின்றார்கள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன்.

மகன் வந்தான். சலாம் சொன்னான். அறுகிறதா என்று பார்த்தேன். அறுந்துபோகவில்லை.

"வலது கையக் காட்டுப்பா."

படம் நின்றுபோன மாதிரி முகம் அசையவில்லை. பிறகு, "லைன் சரியில்லம்மா, ஒண்ணும் கேக்கல" என்றான்.

அவன் தலைக்குப் பின்னால் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"லைன் நல்லாத்தான் இருக்கு. ஃபேன் சுத்துது" என்றேன். கடையே திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொல்லியிருக்கிறேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். மெதுவாகக் கையைத் தூக்கினான். வெள்ளைக் கட்டு. வெளியே தெரிந்தது கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் மட்டும். மருமகள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"மத்தது உள்ள இருக்கா?"

இல்லையென்று தலையை ஆட்டினான்.

"இருக்குற ரெண்டையும் அசைச்சுக் காட்டு" என்றேன்.

அசைத்தான்.