மச்சானின் காலும் மருமகள் வளர்த்த கிருமியும்

சம்பூரிலிருந்து திருகோணமலை ஆஸ்பத்திரிக்குப் போக இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். போன மாதம் நான் போனது என் தங்கச்சி புருஷனின் காலைக் காப்பாற்ற. கெளுத்தி முள் குத்தி, கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது.

எங்கள் கடற்காரரிடம் ஒரு வைத்தியம் உண்டு. மிச்சம் கிடக்கிற அன்ரிபயோட்டிக் குளிசையை உடைத்துத் தூளைப் புண்ணில் தூவிவிட்டுத் தோணியில் ஏறுவது. மச்சான் ஒரு குளிசையை மூன்று நாளைக்குத் தூவியவர். என்ன சிக்கனம்!

காலை ஆறரைக்கு ஓட்டோவில் மூதூர். அங்கிருந்து பஸ், கிண்ணியாப் பாலம் வழியாக ஒன்றரை மணித்தியாலம். வலப்பக்கம் இருங்கள், கப்பல்கள் தெரியும். மச்சான் வீங்கின காலைச் சீட்டுகளுக்கு நடுவே நீட்டியிருந்தார்.

"ஐயா, காலைக் கொஞ்சம் மடக்குங்கோ," என்றார் கண்டக்டர்.

"ஏலாது தம்பி."

"அதுக்கும் ஒரு டிக்கட் எடுப்பம் மச்சான்," என்றேன். வலியிலும் முறைத்தார்.

டொக்டர் பார்த்துவிட்டு, "கிருமி எந்த மருந்துக்கு அடங்குது எண்டு தெரியாட்டி, காலையே எடுக்க வேண்டி வரலாம்," என்றார். எனக்குப் பகிடி நின்றுபோனது. புண்ணில் ஒற்றி எடுத்ததைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே வேலை செய்வது மச்சானின் மகள் சுகந்தி.

மூன்றாம் நாள் அவள் கைபேசியில் ஒரு படம் கொண்டுவந்தாள். வட்டத் தட்டு, அதில் சின்னச் சின்னக் கடதாசிப் பொட்டுகள்.

"அப்பா, தட்டு நிறைய உங்கட கிருமிதான். ஒவ்வொரு பொட்டிலயும் ஒவ்வொரு மருந்து. மருந்துக்குக் கிருமி அடங்கினா பொட்டைச் சுத்தி வெறுமையா இருக்கும். நீங்கள் தூவினதைப் பாருங்கோ."

பொட்டின் விளிம்புவரை கிருமி.

"அப்ப ஒண்டும் சாகேல்லையே?" என்றார் மச்சான்.

"கனக்கச் செத்திருக்கும். ஆனா கிருமி பெருகேக்க எப்பவாவது ஒண்டு உள்ளுக்க மாறிப் பிறக்கும். அதை இந்த மருந்தால கொல்ல ஏலாது. மற்றதுகள் செத்த இடமெல்லாம் இப்ப அதின்ர பிள்ளையள்."

"அவையளுக்குக் காணியும் குடுத்திருக்கிறீர் மச்சான்!" என்றேன்.

ஒரேயொரு பொட்டைச் சுற்றி மட்டும் அகலமான வெறும் வளையம். அந்த மருந்தைத்தான் ஊசியாக ஏற்றினார்கள். சின்னவிரல் போனது, கால் நின்றது.

முள் குத்தினால் அன்றைக்கே போங்கள். தூள் தூவ வேண்டாம். தந்த மருந்தை டொக்டர் சொன்ன நாள்வரைக்கும் எடுங்கள். வார்ட்டுக்குத் தலையணையும் கோப்பையும் கொண்டுபோங்கள்.

மச்சான் இப்போது கரையில் நடக்கிறார். "கால் எப்பிடி?" என்று கேட்டால், "கால் கிடக்கட்டும், அந்த மருந்தைக் கண்டுபிடிச்சது ஆர் தெரியுமே?" என்று தொடங்குவார். அவசரமாகப் போகிறவர்கள் கேட்க வேண்டாம். பக்கத்தில் நான் நின்றால் இன்னும் நேரம் போகும். நான் சுகந்தியின் தாய்மாமன்.