ராகலை மலையை விட்டுப் போகாத எங்கள் அக்கா

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்க்கும் நண்பர்க்கும் அவருடைய ஒரே தங்கையாகிய நான் பணிவுடன் எழுதுவது.

அக்கா பிறந்தது ராகலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில். அப்பா இந்தியாவில் துறையூர்ப் பக்கத்திலிருந்து இளவயதில் வந்தவர். அம்மா காலமானபோது எனக்கு மூன்று வயது, அக்காவுக்குப் பதினான்கு. அன்றிலிருந்து எனக்கு அவரே தாயானார்.

ஏழு வயதில் நான் சரிவில் விழுந்து கால் முறிந்தது. எலும்பு கோணலாகவே கூடியது. துறையூரில் நல்ல வைத்தியர் இருப்பதாக அப்பா சொல்ல, அக்கா என்னைத் தூக்கிக்கொண்டு கப்பலேறினார். போர்க்காலமாதலால் திரும்பிவர அனுமதி எளிதில் கிடைக்கவில்லை. பதினான்கு மாதம் கழித்துத்தான் தோட்டம் வந்து சேர்ந்தோம். போகும்போது அக்காவின் இடுப்பில் இருந்த நான், வரும்போது நடந்து வந்தேன்.

இலங்கை விடுதலை பெற்ற ஆண்டிலேயே வந்த சட்டம் தோட்டத் தமிழராகிய எங்களைக் குடிமக்கள் இல்லை என்றது. அதன் பொருள் அக்காவுக்கு அடுத்த தேர்தல் நாளில்தான் விளங்கியது. முந்தைய தேர்தலில் வாக்களித்தவராதலால், துவைத்த சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார். பட்டியலில் பெயர் இல்லை.

"நல்லாப் பாருங்கய்யா, போன தடவ இருந்துச்சே" என்று இருமுறை கேட்டுவிட்டு, வரிசையை விட்டு விலகி நின்றார். பின்னால் நின்றவர்கள் முன்னே போனார்கள். அன்று பிற்பகலே கூடையை எடுத்துக்கொண்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விட்டார்.

அக்காவை மணந்த எங்கள் அத்தான் அதற்கு முன்பே இருவருக்கும் குடியுரிமைக்கு மனுப் போட்டிருந்தார்; பிறகு விசாரணைக்கு அழைத்தார்கள். இடைவிடாமல் இங்கேயே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும் என்றார்கள். அக்காவுக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. தோட்டத்துக்குக் கீழே உள்ள சிங்களக் கிராமத்திலிருந்து லயத்துக்குக் காய்கறி கொண்டுவரும் மெனிக்கே அம்மாதான், "நான் வந்து சொல்றது" என்று தமக்குத் தெரிந்த தமிழில் சொல்லி, தாமாகவே நுவரெலியாவுக்கு பஸ் ஏறினார்.

விசாரணையில் அதிகாரி, "இந்தப் பெண்ணுக்காக நீ ஏன் சாட்சி சொல்கிறாய்?" என்று அவரைச் சிங்களத்தில் கேட்டார்.

மெனிக்கே அம்மா சொன்ன பதிலை எழுத்தர் தமிழில் எங்களுக்குச் சொன்னார்: "அந்த மலையில் எங்கள் தாத்தா குரக்கன் தானியம் விதைத்தார். வெள்ளைக்காரன் அதைப் பிடுங்கித் தேயிலை போட்டான். இந்தப் பிள்ளை என்னிடமிருந்து எதையும் பிடுங்கவில்லை. இவள் பிறந்த அன்று நான் அந்த லயத்தில் இருந்தேன்."

அதிகாரி தலையசைத்தார். ஆனால் நாங்கள் துறையூரில் இருந்த அந்தப் பதினான்கு மாதம் அவர் கண்ணில் பட்டது. ஏன் போனாய் என்றார். அக்கா உண்மையைச் சொன்னார். ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால் செல்லாது என்றார் அதிகாரி. அத்தானுக்கும் உரிய சான்று இல்லை. இருவர் மனுவும் தள்ளுபடியாயின.

திரும்பும் பஸ்ஸில் நான் அழுதேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ எதுக்கு அழுவுற? கால் நடக்குதில்ல, அது போதும்" என்றார். அதன் பிறகு ஒரு நாளும் அந்தப் பேச்சை அவர் எடுத்ததில்லை. எடுத்திருக்கலாமே என்று இன்றும் நினைக்கிறேன்.

ராகலைக் கடைக்காரர் ஒருவருக்கு அக்காவே என்னை மணமுடித்துக் கொடுத்தார். கணவரின் மனு ஏற்கப்பட்டதால் நான் குடிமகளானேன். அக்கா ஆகவில்லை.

அடுத்த ஆண்டு அத்தான் இந்தியா போக முடிவெடுத்தார். "அங்கயாவது நம்மள அவங்க ஆளுன்னு சொல்லுவாங்க, வா" என்று கெஞ்சினார்.

"நீங்க பொறந்த ஊரு, போங்க. நா அங்க போனா யாருங்க?" என்றார் அக்கா. பிள்ளைகள் இல்லை. அத்தான் தகரப் பெட்டியோடு இறங்கிப் போவதை லயத்து வாசலில் நின்று பார்த்தார். ஆறு மாதத்தில் ஒரு கடிதம் வந்தது. 'இங்கே என்னைச் சிலோன்காரன் என்கிறார்கள்' என்று எழுதியிருந்தார். அக்கா அதை இருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு கடிதமே வரவில்லை.

பத்து ஆண்டுகளுக்கு மேல் ஒற்றை அறையில் தனியாக வாழ்ந்தார். என்னோடு வந்துவிடுங்கள் என்று அழைத்தால், "மலைக்கு யாரு போறது?" என்பார். மாலையில் மெனிக்கே அம்மா வந்து சற்று உட்கார்ந்துவிட்டுப் போவார்.

இரு நாடுகளும் கூடி, இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று எங்களைப் பங்கிட்ட செய்தி வந்தபோது அக்காவுக்கு நெஞ்சுச்சளி கண்டிருந்தது. "என்னைய எந்தப் பக்கம் போட்டிருக்காங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அது முடிவாகுமுன்னே, நுவரெலியா மருத்துவமனையில், ஒரு காலைப் பொழுதில் கண்மூடினார்.

குழி வெட்டிக் கொடுத்த தோட்டத்து அண்ணன்மாருக்கும், மருத்துவமனையில் தண்ணீர் கொடுத்துக் கவனித்த தாதியருக்கும், மழையில் நடந்து வந்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

நன்றி சொல்ல வேண்டியவர்களின் பெயர்களை எழுதும்போது மெனிக்கே அம்மாவிடம் போய், "உங்கள என்ன முறைன்னு போடுறது?" என்று கேட்டேன்.

"முறை வேணாம். இந்த ஊருன்னு போடு" என்றார். பிறகு, "அவளுக்கும் அதையே போடு" என்றார்.

அவ்வாறே எழுதுகிறேன். எங்கள் அக்கா இந்த ஊர்.